சிறப்புக் குழந்தைகளும் பருவமடைகிறார்கள்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பெண் பிள்ளை, மற்றப் பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் பருவத்தில்தான் பெரும்பாலும் வயதுக்கு வருகிறாள். ஆட்டிசம் உள்ள பையனுக்கும் மீசை அரும்புகிறது, குரல் உடைகிறது. அறிவு வளர்ச்சி தாமதமானால் உடல் வளர்ச்சியும் தள்ளிப்போகும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால் வீட்டில், "அவனுக்கு என்ன தெரியும், குழந்தை மனசு" என்றே இருபது வயதிலும் பேசுகிறோம். விளைவு, தன் உடலில் என்ன நடக்கிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. முதல் ரத்தத்தைப் பார்க்கும் பெண் அடிபட்டுவிட்டதென்று அலறுகிறாள். பக்கத்தில் இருப்பவர்களும் பதறினால் பயம் இரட்டிப்பாகிறது.

தெரியாமல் இருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1994-ல் மகாராஷ்டிரத்தில் நடந்தது சாட்சி. ஷிரூர் அரசுக் காப்பகத்தில் இருந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்ச் சுத்தத்தை அவர்களால் பார்த்துக்கொள்ள முடியாது, யாராவது கெடுத்தால் கர்ப்பமாகிவிடுவார்கள் என்பவையே காரணங்கள். நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்தது. கருப்பையை எடுத்தால் வன்கொடுமை நிற்காது. கர்ப்பம் என்ற தடயம் மட்டும்தான் இல்லாமல் போகும்.

சட்டம் இன்று தெளிவாக இருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10-வது பிரிவு, இனப்பெருக்கம், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்வது அரசின் கடமை என்கிறது. மலடாக்கும் எந்தச் சிகிச்சையையும் அவர்களுடைய சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. அதற்கு முன்பே, 2009-ல், சண்டிகர் அரசு விடுதியில் பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமான, லேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் வழக்கில், அவர் விருப்பத்துக்கு மாறாகக் கருவைக் கலைக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சரி, எதைச் சொல்லிக்கொடுப்பது? முதலில் உறுப்புகளின் பெயர்களை. நம் வீடுகளில் இடுப்புக்குக் கீழே எல்லாமே 'ஷேம் ஷேம்'தான். அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை போலீஸிடம் எதைச் சொல்லும்? பேச்சு வராத பிள்ளை தொட்டுக்காட்டிப் பேசும் படப் பலகையில் இட்லி, பஸ், டிவி எல்லாம் இருக்கும். மார்பு, பிறப்புறுப்பு, 'வலிக்கிறது', 'தொட்டார்கள்' ஆகியவையும் இருந்தாக வேண்டும்.

மாதவிடாய்க்கான பயிற்சியைச் சில மாதங்கள் முன்பே தொடங்கலாம். நாப்கினில் சிவப்பு நீர் தெளித்துக் காட்டுவது, மாற்றும் படிகளைப் படங்களாக்கிக் குளியலறைச் சுவரில் ஒட்டுவது, தினமும் கொஞ்ச நேரம் நாப்கின் அணியவைத்துப் பழக்குவது. தொடுவுணர்வு அதிகமுள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கடைசியாகச் சொன்னது மிகவும் உதவும்.

சுய இன்பம் பற்றிப் பேசத்தான் பெற்றோர் அதிகம் கூசுகிறார்கள். அது நோயுமல்ல, குற்றமுமல்ல. அடித்தால் நிற்பதும் இல்லை. "உன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக" என்று இடத்தைச் சொல்லிக்கொடுப்பதே வழி. ஒற்றை அறை வீடென்றால் குளியலறை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இதை யாரும் கற்றுத்தராத பையன்தான் ஒருநாள் பேருந்தில் அடி வாங்குகிறான்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது 'வேண்டாம்' என்று சொல்லக் கற்றுத்தருவது. இரண்டு மூன்று வயதிலிருந்தே இந்தப் பிள்ளைகளைத் தெரபியில் 'சொன்னதைச் செய்' என்றே பழக்குகிறோம். கேட்டவருக்கெல்லாம் கை கொடுக்கிறார்கள், "மாமாவுக்கு முத்தம் குடு" என்றதும் கொடுக்கிறார்கள். குளிப்பாட்டவும் உடை மாற்றவும் யார் யாரோ தொடுகிறார்கள். துன்புறுத்துபவர் பெரும்பாலும் தெரிந்தவராகவே இருக்கும்போது, இந்தக் கீழ்ப்படிதலே அவருக்கு வசதியாகிவிடுகிறது. ஆகவே தரையில் வட்டங்கள் வரைந்து யாரைக் கட்டிப்பிடிக்கலாம், யாருக்குக் கையசைத்தால் போதும் என்று விளையாட்டாகவே பழக்குங்கள். தொடுவதற்கு முன் நீங்களும் அனுமதி கேளுங்கள். பிள்ளை 'வேண்டாம்' என்றால், அத்தை கோபித்துக்கொண்டாலும், அந்த முத்தத்தை விட்டுவிடுங்கள்.

பதினெட்டு தாண்டினால் காதலும் கல்யாண ஆசையும் வரும். சட்டமும் அவர்களை வளர்ந்தவர்களாகவே பார்க்கிறது: பிறந்த ஆண்டைக் கொண்டே வயதைக் கணக்கிட வேண்டும், மன வயதைக் கொண்டு அல்ல என்று, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்துக்கு விளக்கம் அளித்தது உச்ச நீதிமன்றம், 2017-ல். 38 வயதுப் பெண்ணொருவரின் வழக்கு அது. வளர்ந்தவரை வளர்ந்தவராக நடத்துவதென்றால், அவருடைய காதலைக் கேலி செய்யாமல், கருத்தடை உட்பட எல்லாவற்றையும் எளிய சொற்களில் பேசுவதும் அதில் அடங்கும்.

பாலியல் வன்முறை நடந்துவிட்டால், மாற்றுத்திறனாளிப் பெண்ணின் புகாரை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, சிறப்பாசிரியர் உடனிருக்க, வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2013 முதல் சட்டம். இதைக் கேட்டுப் பெறுங்கள். குழந்தையென்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள்.

சிறப்புப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பல் துலக்குவதும் பட்டன் போடுவதும் இருக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தில் இந்தப் பாடத்தையும் எழுதுங்கள், பத்து வயதுக்கு முன்பே.