சாரலுக்கு எந்தக் கேமரா?

குற்றாலத்தில் சாரல் காலத்து மங்கல் வெளிச்சத்தில், சட்டைப்பைக் கேமராவில் எடுத்த ஐந்தருவிப் படம் ஏன் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது? இத்தகைய பல கேமராக்களில் சென்சாரின் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர்தான். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் 330 முதல் 370 வரை. எஃப் எண்ணும் ஷட்டர் வேகமும் ஒன்றாக இருந்தால், பெரிய சென்சாரில் பன்னிரண்டு மடங்கு ஒளி சேரும். ஒளித்துகள்கள் சீராக விழுவதில்லை. ஏராளமாக விழும்போது அந்த ஏற்ற இறக்கம் அமுங்கிவிடும், குறைந்தால் புள்ளிகளாகத் துருத்தும்.

அருவி பட்டுநூலாய் விழவேண்டுமானால் ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும், முக்காலியும் தேவை. கூட்டம் விட்டால்தானே! பேரருவித் திவலையில் லென்ஸைக் கழற்றி மாட்டுவதும் வம்பு, ஈரம் நேரே உள்ளே போய்விடும். குளிக்கப் போகிறவருக்கு நீர் புகாத சிறிய கேமராவே போதும். தென்காசிக் கோபுரத்தை அந்தியில் எடுப்பவர் டிஎஸ்எல்ஆரைச் சுமக்கலாம்.