ரயில் யாருக்கு, தெரு யாருக்கு?

மும்பை தாராவியின் 90 அடி சாலை டீக்கடைகளில் வெள்ளைக்காரன் ஆட்சி பற்றிப் பேச்சு வந்தால், “அவன் ரயில் போடலைன்னா நம்ம தாத்தா திருநெல்வேலியிலிருந்து இங்க வந்திருப்பாரா?” என்று ஓர் அண்ணாச்சி கேட்பார். “கொள்ளையடிக்க வந்தவன் நமக்காகவா ரயில் விட்டான்?” என்பார் எதிரில் இருப்பவர். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. டீயைக் குடித்துக்கொண்டே கணக்கைப் பார்ப்போம்.

1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. பாதை போட்டது ஜி.ஐ.பி. ரயில்வே என்ற லண்டன் கம்பெனி. 1849 ஒப்பந்தப்படி அதற்கு நிலம் இலவசம்; போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வருமானமும் உறுதி. உங்கள் மனையில் ஒருவர் கடை வைக்கிறார். லாபம் வந்தால் அவருக்கு, குறைந்தால் மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடுகட்டியது. செலவைக் குறைக்கக் கம்பெனிக்கு அவசியமே இல்லை. எஞ்சின்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. நாட்டின் செல்வம் இப்படி வெளியேறுவதைத்தான் பம்பாய்க்காரரான தாதாபாய் நௌரோஜி வாழ்நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆக, ரயில் தானமாக வந்ததில்லை. விலை கொடுத்தவர்கள் நம் முன்னோர்கள்.

அடுத்தது தெரு. 1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தெரியவந்தது. அதையடுத்து, நகரத்தைச் சீர்படுத்த 1898-இல் பாம்பே இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது. இன்று நாம் ரசிக்கும் மாதுங்காவின் அகலத் தெருக்களும் கிங்ஸ் சர்க்கிளும் அதன் தாதர்–மாதுங்கா திட்டத்தில் உருவானவை. ஆபீஸ் வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வேர்விட்டன. ஆனால் டிரஸ்டின் குழுவில் அதிகாரிகளும் வர்த்தகச் சபை, துறைமுகம், நகராட்சி ஆகியவற்றின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். சால் எனப்படும் ஒற்றை அறை வரிசை வீடுகளில் குடியிருந்த ஏழைகளின் பிரதிநிதி இல்லை. முதல் பத்தாண்டில் டிரஸ்ட் இடித்த வீடுகளைவிடக் கட்டிக்கொடுத்தவை குறைவு. அதே காலத்தில் நகரத்துக்கு வேண்டாததாகிவிட்ட தோல் தொழில் வடக்கே தாராவியின் சதுப்பு நிலத்து ஓரத்தில் நிலைகொண்டது. திருநெல்வேலியிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் அங்கே தோல் பதனிடும் ஷாப்புகளில் உழைத்தார்கள். சேற்றைத் தூர்த்துக் குடியிருப்பை அவர்களே எழுப்பினார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர்தான். மாதுங்காவுக்குக் கிடைத்த திட்டம் தாராவிக்குக் கிடைக்கவில்லை.

அண்ணாச்சியின் வாதத்தில் இன்னொரு நியாயம் உண்டு. ஊரில் சேரிக்குள் அடைபட்டவருக்கு ரயிலும் பம்பாயும் ஒரு வழி திறந்தன. அதை மறுப்பது அந்த மனிதரின் துணிச்சலையே மறுப்பதாகும். ஆனால் சாதி ரயிலுக்கு முன்பே வந்து இங்கே காத்திருந்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளின் நெசவுப் பிரிவில் நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும். எச்சில் தீட்டு என்று சக தொழிலாளர்கள் சொல்ல, கூலி அதிகமுள்ள அந்தப் பிரிவில் தலித்துகளுக்கு இடமில்லாமல் போனது. 1928 பஞ்சாலை வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இதைக் கேள்வியாக எழுப்பினார். பெரும்பாலும் இந்தியர்களான ஆலை முதலாளிகளும் சரி, ஆண்ட அரசும் சரி, வேலை நடந்தால் போதும் என்றிருந்தார்கள்.

ஆகவே வெள்ளைக்காரன் நல்லவனா கெட்டவனா என்று கேட்டால் வாதம் முடியாது. முடிவெடுத்தது யார், பணம் கட்டியது யார், பலன் பெற்றது யார், வெளியே நின்றது யார் என்று கேட்டால் விடை தெளியும். சுதந்திரத்துக்குப் பிறகும் அதே கேள்விகளைக் கேட்டாக வேண்டும். வெள்ளைக்காரன் போட்ட 1894 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தை மாற்ற 2013 வரை ஆனது. பிளேக்குக்காக எழுதிய 1897 தொற்றுநோய்ச் சட்டத்தை 2020-இல் கொரோனாவுக்கு எடுத்தோம். இன்று தாராவி மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1-க்கு முன்பு தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. மாடியில் வாடகைக்கு இருப்பவரும் பிந்தி வந்தவரும் தாராவியை விட்டு எங்கே போவார்கள்? அவர்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுக்கும் வரை, ஆண்டவர்கள் போனாலும் ஆண்ட முறை போகவில்லை.