கொழுப்புக் குமிழியில் ஏறிவரும் மருந்து

தரம் 11 விஞ்ஞான பாடத்தில் கலமென்சவ்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, “சேர், பைசர் ஊசி எங்கட பரம்பரையலகை மாத்திரும் எண்டு உம்மா சொல்றா, உண்மையா?” என்றாள். கொவிட் அடங்கி வருடங்களாகியும் ஒலுவிலில் இந்தப் பேச்சு அடங்கவில்லை. எனது தெருவில் ஒரு தாய், குழந்தையின் வழமையான தடுப்பூசியையே ஒத்திப்போட்டிருக்கிறார்.

விடை அந்த மென்சவ்விலேயே இருக்கிறது. முட்டை மஞ்சட்கருவிலுள்ள லெசித்தினின் ஒரு முனை நீரை விரும்பும், மறுமுனை வெறுக்கும். நீரில் விட்டால் அவை இரட்டை வரிசையாகச் சேர்ந்து உருண்டைகளாக மூடிக்கொள்ளும். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்ஹாம் கண்ட இந்தக் குமிழிதான் லிப்போசோம். உள்ளே மருந்தை அடைக்கலாம்.

அதன் பயனை இந்தியாவின் பீஹாரில் பார்க்கலாம். அங்கே மணல் ஈயால் பரவும் காலா அசார் உயிரையே குடிக்கும். (நம் நாட்டில் அதே இன ஒட்டுண்ணி பெரும்பாலும் தோற்புண்ணோடு நின்றுவிடுகிறது.) ஆம்போடெரிசின் என்ற மருந்து அதைக் கொல்லும், ஆனால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். எனவே சிறிது சிறிதாக, ஒருநாள் விட்டு ஒருநாள், 15 தடவை ஏற்றினார்கள். கூலிவேலை செய்பவர் ஒரு மாதம் வைத்தியசாலையில் கிடந்தால் வீட்டில் அடுப்பெரியுமா? அதே மருந்தை லிப்போசோமில் அடைத்தபோது, ஈரலிலும் மண்ணீரலிலும் உள்ள விழுங்கு கலங்கள் குமிழிகளை விழுங்கின. ஒட்டுண்ணி ஒளிந்திருப்பதும் அதே கலங்களுக்குள்தான்! ஷியாம் சுந்தர் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தடவை ஏற்றியவர்களில் 95.7 சதவீதமானோரும், 15 தடவை ஏற்றியவர்களில் 96.3 சதவீதமானோரும் ஆறு மாதங்களின் பின் குணமாகியிருந்தனர்.

பைசர் ஊசியிலிருப்பது லிப்போசோமின் உறவுக்காரன். உள்ளே எம்ஆர்என்ஏ. அதைத் தனியே ஏற்றினால் உடலின் நொதியங்கள் சிதைத்துவிடும். குமிழி பத்திரமாகக் கலத்துக்குள் சேர்க்கிறது. கலத்தின் கருவுக்கு வெளியே ஒரு புரதம் செய்யும் குறிப்பைக் கொடுத்துவிட்டு அது சில நாட்களில் அழிந்துபோகிறது. நமது பரம்பரையலகுகள் கருவுக்குள் இருக்கின்றன. எம்ஆர்என்ஏ அங்கே நுழைவதில்லை.

அடுத்தது, குமிழிக்குத் துணையாக ஒலி. 2015இல் டொரொண்டோவின் சன்னிபுரூக் வைத்தியசாலையில் நோயாளியின் குருதியில் வாயு நுண்குமிழிகளை விட்டு, ஸ்கேனில் பயன்படும் கழியொலியை மூளையில் குவித்தார்கள். குமிழிகள் அதிர, மருந்தை உள்ளே விடாத குருதிக்குழாய்ச் சுவர் சற்று நேரம் திறந்து புற்றுநோய் மருந்துக்கு வழிவிட்டது. பரம்பரையலகையும் இப்படிக் கொண்டுசேர்க்க ஆய்வுகள் நடக்கின்றன.

மறுநாள் அந்தப் பிள்ளை வந்தாள். “சேர், அந்தக் கொழுப்பு என்ன கொழுப்பு எண்டு உம்மா கேக்கச் சொன்னா.” கேட்க வேண்டிய கேள்விதான். பைசர் ஊசியில் விலங்கிலிருந்து பெறப்பட்ட எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.