நவம்பர் 12 – திருக்கதவம் திறந்த நாள்

வேதாரண்யம் என வழங்கப்பெறும் திருமறைக்காட்டில், வேதங்கள் வழிபட்டுத் திருக்காப்பிட்டுச் சென்ற கதவங்கள் நெடுங்காலம் அடைபட்டே இருந்தன. அடியவர்கள் வேறொரு வாயில் வழியாகச் சென்று இறைவனை வழிபட்டு வந்தனர். அத்தலத்திற்கு எழுந்தருளிய திருநாவுக்கரசர் பதிகம் பாடக் கதவங்கள் திறந்தன என்றும், திருஞானசம்பந்தர் பாட அவை மீண்டும் அடைத்தன என்றும், அதுமுதல் அனைவரும் நேர்வாயில் வழியே சென்று வழிபட்டனர் என்றும் பெரியபுராணம் உரைக்கின்றது.

வேதங்கள் அடைத்த கதவைத் திறக்க ஒரு பதிகம் போதுமானதாயிற்று. மனிதர் மனிதருக்கு எதிராக அடைத்த கதவுகளைத் திறப்பதற்கோ பல தலைமுறைகளின் உழைப்பும், சிறைவாசமும், அரசாணைகளும், சட்டங்களும் தேவைப்பட்டன. அந்த நெடிய வரலாற்றில் நவம்பர் 12 என்னும் நாள் ஒருமுறையன்று, பலமுறை இடம்பெற்றுள்ளது. 1930, 1936, 1946, 1947 ஆகிய நான்கு ஆண்டுகளிலும் இதே நாளில் நிகழ்ந்தவை, இன்று திருக்கோயிலில் தரிசன வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளத் தக்கவையாகும்.

நந்தி விலகியும் விலகாத தடை

திருநாளைப்போவார் எனப் போற்றப்படும் நந்தனார் வரலாற்றை அறியாத அடியவர் இலர். திருப்புன்கூரில் வெளியே நின்றவாறே இறைவனைக் காண விழைந்த அவருக்காக நந்தியெம்பெருமான் விலகியருளினார். இன்றும் அத்தலத்தில் நந்தி சற்று விலகியே காட்சியளிப்பதைக் காணலாம். வைணவ மரபில், திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தம் தோளில் சுமந்து திருவரங்கன் திருமுன் கொண்டு சென்றார் என்பது வரலாறு.

இவ்வடியார்களின் திருவுருவங்கள் கோயில்களில் வைத்து வணங்கப்பட்டன. ஆயினும் அவர்கள் பிறந்த குலத்தைச் சேர்ந்த மக்கள், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையிலும் பல பெருங்கோயில்களின் மதிலுக்கு வெளியே நின்றே கைகூப்ப வேண்டியிருந்தது. சில ஊர்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடப்பதற்கும் அவர்களுக்குத் தடை இருந்தது. இறைவன் நந்தியை விலக்கிக் காட்டிய வழியை மனிதர் பின்பற்றவில்லை என்பதே உண்மை.

1930: இலண்டனில் ஒலித்த குரல்

1930-ஆம் ஆண்டு நவம்பர் 12 அன்று, இலண்டன் மாநகரில் பிரபுக்கள் அவையைச் சார்ந்த அரச மண்டபத்தில் முதலாம் வட்டமேசை மாநாட்டை ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தொடங்கி வைத்தார். இந்தியாவின் வருங்கால ஆட்சிமுறையை ஆராய்வதற்காகக் கூட்டப்பெற்ற மாநாடு அது. சட்டமறுப்பு இயக்கம் நடைபெற்று வந்தமையால் காங்கிரஸ் பேரியக்கம் அதில் கலந்துகொள்ளவில்லை.

அம்மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களின் சார்பாளர்களாக இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் டாக்டர் அம்பேத்கர். மற்றொருவர் தமிழகத்தைச் சேர்ந்த இரட்டைமலை சீனிவாசன். 1893-ஆம் ஆண்டிலேயே தம் மக்களுக்காக இதழ் நடத்திய பெரியவர் இவர். ஊர்ப் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும், கோயில் வீதியில் நடக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களின் குறைகள், பேரரசின் தலைநகரில் அம்மக்களின் பிரதிநிதிகள் வாயிலாகவே எடுத்துரைக்கப்பட்டன.

இதன் தொடர்ச்சியாக எழுந்த விவாதங்கள் 1932 செப்டம்பர் 24 அன்று ஏற்பட்ட புனே ஒப்பந்தத்தில் முடிந்தன. மறுநாள் பம்பாயில் பண்டித மதன்மோகன் மாளவியாவின் தலைமையில் கூடிய இந்து சமயத் தலைவர்கள் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினர். பிறப்பின் காரணமாக எவரையும் தீண்டத்தகாதவராகக் கருதலாகாது என்பதும், பொதுக்கிணறு, பொதுப்பள்ளி, பொதுச்சாலை ஆகியவற்றில் அனைவருக்கும் சம உரிமை உண்டு என்பதும் அதன் சாரமாகும். கோயில் நுழைவுக்கு உள்ள தடையையும் அமைதியான வழிகளில் விரைந்து நீக்க வேண்டுமென அத்தலைவர்கள் உறுதி பூண்டனர். காசி இந்துப் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தவரும், வைதிக நெறியில் ஊறியவருமான மாளவியா அக்கூட்டத்திற்குத் தலைமை ஏற்றது குறிப்பிடத்தக்கது. அப்பெரியவர் காசியில் இறைவனடி சேர்ந்ததும் ஒரு நவம்பர் 12-ஆம் நாளே ஆகும். ஆண்டு 1946.

1936: ஆற்றுக்கு அப்பால் திறந்த கதவு

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் சாலையில் பயணம் செய்வோர், வனப்பகுதியில் சின்னாற்றைக் கடந்ததும் கேரள மாநிலத்திற்குள் நுழைகின்றனர். 1936-ஆம் ஆண்டில் அவ்வாற்றுக்கு அப்பால் இருந்த மறையூர், மூணாறு பகுதிகள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. ஆற்றுக்கு இப்பால், அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் அடங்கிய உடுமலைப்பேட்டை வட்டமோ ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 12 அன்று, கொல்லம் ஆண்டு 1112 துலாம் மாதம் 27-ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீ சித்திரைத் திருநாள் பலராம வர்மா தம் பிறந்தநாளையொட்டி ஒரு பிரகடனத்தை வெளியிட்டார். பிறப்பாலோ, சாதியாலோ, சமூகத்தாலோ இந்து சமயத்தைச் சார்ந்த தம் குடிமக்கள் எவருக்கும் சமயம் தரும் ஆறுதல் மறுக்கப்படலாகாது என்றும், மன்னரும் அரசும் நிர்வகிக்கும் திருக்கோயில்களில் இந்துக்கள் யாவரும் நுழைந்து வழிபடுவதற்கு இனித் தடையில்லை என்றும் அப்பிரகடனம் அறிவித்தது. அப்போது மன்னருக்கு வயது 24. திவானாகப் பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த சர் சி.பி. இராமசாமி ஐயர் இதற்குத் துணைநின்றார்.

இப்பிரகடனம் ஒரே இரவில் பிறந்ததன்று. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடக்கும் உரிமை கோரிச் சத்தியாகிரகம் தொடங்கியது. தலைவர்கள் அடுத்தடுத்துக் கைதாகிய வேளையில், ஈரோட்டிலிருந்து சென்ற தந்தை பெரியார் அப்போராட்டத்தை முன்னின்று நடத்தி இருமுறை சிறை சென்றார். அவர்தம் துணைவியார் நாகம்மையாரும் அதில் பங்கேற்றார். 1925-இல் காந்தியடிகள் வைக்கத்திற்கு நேரில் சென்று பேச்சு நடத்தினார். அவ்வாண்டு நவம்பரில் போராட்டம் நிறைவுற்றபோது வீதிகளில் நடக்கும் உரிமை பெரும்பாலும் கிட்டியது; கோயிலுக்குள் செல்லும் உரிமை கிட்டவில்லை. சுசீந்திரத்தில் 1926-ஆம் ஆண்டிலும் 1930-ஆம் ஆண்டிலும் சத்தியாகிரகங்கள் நடைபெற்றன. 1932-இல் திருவிதாங்கூர் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்து இப்பொருளை ஆராயச் செய்தது. இத்தனைக்கும் பின்னரே கதவு திறந்தது.

தமிழகத்துப் பக்தர்களுக்கு இந்நாள் மிக நெருக்கமானது என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கன்னியாகுமரி பகவதியம்மன், சுசீந்திரம் தாணுமாலயன், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் ஆகிய திருக்கோயில்கள் அனைத்தும் அன்று திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்றே கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே, இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் அமைந்த பெருங்கோயில்களில் அரசாணையால் அனைவருக்கும் முதன்முதலில் திறந்தவை என இத்தென்கோடித் திருத்தலங்களைக் குறிப்பிடலாம். 1937 ஜனவரியில் காந்தியடிகள் திருவிதாங்கூர் முழுவதும் பயணம் செய்து, எல்லாச் சமூகத்தாரும் உடன்வர இக்கோயில்களில் வழிபட்டு மகிழ்ந்தார்.

இப்பால் திறக்க எடுத்த காலம்

ஆற்றுக்கு அப்பால் உரிமை பிறந்த நாளில் இப்பால் அத்தகைய சட்டம் இல்லை. காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்புப் பயணமாக 1934 பிப்ரவரியில் கோவை வட்டாரத்திற்கு வருகை தந்து மக்களிடம் எடுத்துரைத்திருந்தார். ஆயினும் மனமாற்றம் சட்டமாக மாறச் சில ஆண்டுகள் பிடித்தன.

1939 ஜூலை 8 அன்று மதுரை அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட அன்பர்களை அழைத்துச் சென்று வழிபட்டார். பின்னாளில் தமிழகத்தின் அமைச்சராக விளங்கி எளிமைக்கு எடுத்துக்காட்டாக வாழ்ந்த கக்கன் அவர்களே இவர். இராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, இவ்வாறு கோயில்களைத் திறந்தோருக்கு வழக்குகளிலிருந்து பாதுகாப்பளிக்கும் சட்டத்தை அதே ஆண்டில் கொண்டுவந்தது. எனினும் கோயில் பொறுப்பாளர்கள் விரும்பி இசைந்தால் மட்டுமே கதவு திறக்கும் என்ற நிலைதான் அப்போதும் இருந்தது. 1947-ஆம் ஆண்டின் 5-ஆம் சட்டமாக இயற்றப்பெற்ற சென்னை ஆலயப் பிரவேசச் சட்டமே, மாகாணத்தின் கோயில்களில் இந்துக்கள் யாவரும் நுழைந்து வழிபடுவதை உரிமையாக்கியது. சின்னாற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு அவ்வுரிமை வந்து சேர ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆயின.

1947: தீபாவளியன்று வந்த குரல்

அதே 1947-ஆம் ஆண்டு நவம்பர் 12 தீபாவளித் திருநாளாக அமைந்தது. நாடு பிரிவினையுற்றபோது வீடிழந்து வந்தோர் குருக்ஷேத்திரத்தில் முகாம்களில் தங்கியிருந்தனர். விளக்கேற்ற இல்லம் இல்லாத அம்மக்களை நேரில் காண இயலாமையால், காந்தியடிகள் தில்லி வானொலி நிலையத்திற்குச் சென்று அவர்களிடம் வானொலி வழியே பேசினார். அவர் வானொலி நிலையத்திற்கு நேரில் சென்றது அந்த ஒருமுறைதான். அதன் நினைவாகவே நவம்பர் 12 பொதுச்சேவை ஒலிபரப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகின்றது. முகாமில் இருந்தவர்களில் எவர் எக்குலத்தார் என்று அக்குரல் கேட்கவில்லை; துன்புற்றோர் அனைவரையும் ஒன்றாகவே கருதிப் பேசியது.

சட்டம் திறந்தது, மனம் திறக்க வேண்டியது

1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 25-ஆம் பிரிவு, பொதுத் தன்மையுடைய இந்து சமய நிறுவனங்களை இந்துக்களின் எல்லாப் பிரிவினருக்கும் திறந்துவிடச் சட்டம் இயற்ற வழிசெய்தது. தமிழ்நாட்டின் 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், பிரசாதமும் தீர்த்தமும் வழங்குவதில் வேற்றுமை பாராட்டுவதை நீக்குவதற்கெனத் தனிப் பிரிவையே கொண்டுள்ளது. வாயிலில் நுழைவது மட்டுமன்று, உள்ளே பெறும் மரியாதையும் ஒன்றாக இருத்தல் வேண்டும் என்பதே அதன் கருத்து.

ஆயினும் சிற்சில ஊர்களில் வழிபாட்டு உரிமை தொடர்பான பூசல்களால் கோயில்கள் பூட்டப்படும் செய்திகளை இன்றும் நாளேடுகளில் காண நேர்கின்றது. தாழ்ப்பாளைச் சட்டம் விலக்கலாம். அருகில் நிற்பவரைத் தம்மைப்போல் ஓர் அடியவராகக் காணும் பார்வையை வழிபடுவோர்தாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

உடுமலைப்பேட்டைக்கு அருகே திருமூர்த்திமலையில் அருள்மிகு அமணலிங்கேசுவரர் திருக்கோயிலில் ஒரே பாறையில் மும்மூர்த்திகளும் எழுந்தருளியுள்ளனர். தெய்வங்கள் மூவரும் ஓருருவாய் அருள்பாலிக்கும் திருமுன்னே, வணங்க வருவோரிடையே வேற்றுமை இருத்தல் பொருந்தாது. ஆடி அமாவாசையிலும் மகா சிவராத்திரியிலும் அங்கே கூடும் பெருந்திரளில், யாருக்குப் பின்னால் யார் நிற்கின்றனர் என்று எவரும் கேட்பதில்லை. வெகு இயல்பாகத் தோன்றும் அவ்வரிசை, வைக்கத்து வீதியில் மழையிலும் வெயிலிலும் நின்றவர்களும், சிறை சென்றவர்களும் பெற்றுத் தந்த செல்வமாகும்.

ஐப்பசித் திங்களின் இறுதியில் வரும் நவம்பர் 12 அன்று திருக்கோயிலுக்குச் செல்வோர், கோபுர வாயிலைக் கடக்கும்போது ஒரு கணம் நின்று, அவ்வாயிலுக்கு வெளியே தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்தவர்களை நினைந்து உள்ளே செல்வார்களாக. அந்நினைவும் ஒரு வழிபாடே ஆகும்.