முதல் வீடு வாங்குதல் (தமிழ்நாடு)

முதல் வீடு வாங்குதல் என்பது ஒருவர் தம் பெயரில் முதன்முறையாக வீட்டையோ வீட்டுமனையையோ கிரயம் பெறுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டில் இவ்வாறு வாங்குவோருக்கு நேரும் பெரிய இழப்புகளில் பல, "பத்திரம் பதிவாகிவிட்டது, எனவே சொத்து நமது" என்ற நம்பிக்கையிலிருந்து பிறக்கின்றன. பதிவு என்பது ஓர் ஆவணம் எழுதப்பட்டது என்பதற்கான சான்று மட்டுமே. விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்தது என்பதற்கு அரசு எந்த உத்தரவாதமும் அளிப்பதில்லை.

இது எல்லா நாடுகளிலும் இப்படி இல்லை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய டோரன்ஸ் முறையில் அரசின் நிலப் பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். மலேசியாவும் சிங்கப்பூரும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. இலங்கையும் 1998-ஆம் ஆண்டின் உரித்துப் பதிவுச் சட்டத்தின் மூலம் இதை நோக்கி நகரத் தொடங்கியது. இந்தியாவிலோ 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஆவணங்களைப் பதியும் முறையையே கொண்டுள்ளது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் மூலப்பத்திரத்தைக் காட்டுமாறு வலியுறுத்திய 55-அ (1) விதியைச் செல்லாது என அறிவித்தபோது, விற்பவரின் உரிமையை ஆராய்வது பதிவு அலுவலரின் வேலை அல்ல என்று தெளிவுபடுத்தியது. மூலப்பத்திரம் பற்றிய விதிகள் எப்படி மாறினாலும், உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவரைச் சேர்ந்தது.

மூன்று அலுவலகங்கள்

ஒரே மனையைப் பற்றிய செய்திகள் மூன்று துறைகளில் சிதறிக் கிடக்கின்றன. எடுத்துக்காட்டாக, தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள தேவாரம் பேரூராட்சியில் ஒரு மனை விற்பனைக்கு வருவதாகக் கொள்வோம். அம்மனை முன்னர் யார் யாரிடமிருந்து யார் யாருக்கு மாறியது என்பது பதிவுத்துறையின் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும். நிலத்தின் புல எண், பரப்பு, வகைப்பாடு ஆகியவை வருவாய்த்துறையின் உத்தமபாளையம் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். அங்கு வீடு கட்டலாமா என்பது நகர் ஊரமைப்பு இயக்ககத்தையும் பேரூராட்சியையும் பொறுத்தது. ஓர் அலுவலகத்தின் தாளில் உள்ளது மற்றொன்றின் தாளில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதன்முறை வாங்குவோர் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றை மட்டும் பார்த்து மனநிறைவு அடைகின்றனர்.

வில்லங்கச் சான்றிதழ் சொல்லாதவை

வில்லங்கச் சான்றிதழ் குறிப்பிட்ட காலத்தில் அச்சொத்தின் மீது பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை போன்றவற்றின் பட்டியலாகும். பதிவுத்துறை இணையதளத்தில் பொதுவாக 1975-க்குப் பிந்தைய விவரங்கள் கிடைக்கின்றன. குறைந்தது 30 ஆண்டுகளுக்குப் பார்ப்பது வழக்கறிஞர்களின் நடைமுறை. தனியார் நிலத்தில் எதிரிடை அனுபவத்தால் உரிமை கோர 12 ஆண்டுகளும் அரசு நிலத்தில் 30 ஆண்டுகளும் தேவை எனக் காலவரையறைச் சட்டம் கூறுவதும் இதற்கு ஒரு காரணம் ஆகும்.

பதியப்படாத எதுவும் இச்சான்றிதழில் வராது. உயில் பதியப்படாமலேயே செல்லும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட குடும்பப் பாகம், குடியிருப்பவரின் வாடகை உரிமை, உரிமையியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கு ஆகியவற்றையும் பெரும்பாலும் இதில் காண இயலாது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தம், அசையாச் சொத்து தொடர்பான பொது அதிகார ஆவணம், பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் பெறும் ஆவணம் ஆகியவற்றைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பதால், அதற்குப் பிந்தைய காலத்துக்கு இச்சான்றிதழ் முன்பைவிடப் பயனுள்ளதாகியுள்ளது.

தேடும் எண் தவறினால் விடையும் தவறும். புல எண் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தால் பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் தனித்தனியே தேட வேண்டும். தேனி மாவட்டம் 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டதால், தேவாரம் பகுதியின் பழைய பத்திரங்களில் மதுரை மாவட்டம் என்றே இருக்கும். இது பிழை அன்று. ஆயினும் ஒரு கிராமம் முன்னர் வேறொரு சார்பதிவகத்தின் எல்லையில் இருந்திருந்தால் அங்கும் தேடாமல் விடுவது பிழையாகும்.

பட்டாவும் பரப்பும்

பட்டா வருவாய்த்துறை வழங்கும் பதிவாகும். நில உரிமைக்கு அதுவே முடிவான சான்று அன்று என நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. இருப்பினும் பட்டாவும் அ-பதிவேடும் இல்லாமல் பத்திரத்தை மட்டும் நம்புவது ஆபத்தானது. நிலம் ஓடைப் புறம்போக்கா, நத்தமா, கோயில் நிலமா, ஆதிதிராவிடருக்கு நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்ட நிலமா என்பதைப் பத்திரம் எழுதுபவர் சொல்லாமல் விடலாம், அ-பதிவேடு சொல்லிவிடும். அடிவார ஊர்களில் இது முக்கியமானது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடப்பதால், கோடையில் மனையைப் பார்ப்பவருக்கு அது மேடு பள்ளமான காலி இடமாகத் தோன்றும். புல வரைபடத்தில் அதன் போக்கு கோடாகப் பதிவாகியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது எந்தத் தாளையும்விட நல்லது.

அளவுகளிலும் குழப்பம் உண்டு. பத்திரம் சென்ட் அல்லது சதுர அடியில் பேசும். பட்டா எக்டேர், ஏர் அளவுகளில் பேசும். பட்டாவில் 0 எக்டேர் 2.50 ஏர் என்றிருந்தால் அது 250 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2,691 சதுர அடி அல்லது 6.18 சென்ட் ஆகும் (1 சென்ட் 435.6 சதுர அடி). பத்திரத்தில் 6½ சென்ட் என்றிருந்தால் மூன்றில் ஒரு பங்கு சென்ட் எங்கே போனது என்று கேட்க வேண்டும். குழி என்ற அளவு ஊருக்கு ஊர் வேறுபடுவதால் அதன் அடிப்படையில் விலை பேசுவதைத் தவிர்ப்பது நன்று. பணம் கொடுக்கும் முன் நில அளவரைக் கொண்டு அளந்து கல் ஊன்றச் சொல்லலாம்.

வாரிசுகளின் கையெழுத்து

கிராமங்களிலும் சிற்றூர்களிலும் வழக்குகளுக்கு மிகப் பெரிய ஊற்று இதுவே. தந்தை இறந்தபின் ஆண் மக்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்ற சொத்துகள் ஏராளம். திருமணமாகிப் போன மகள் சீர் வாங்கிவிட்டதால் அவருக்குப் பங்கு இல்லை என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடம் இல்லை.

உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண் ஒருவரின் தனிச் சொத்து 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் ஆகியோருக்குச் சமமாகச் சேரும். இவர்களில் அடிக்கடி மறக்கப்படுபவர் இறந்தவரின் தாய் ஆவார். மகனுக்குப் பின் சில ஆண்டுகளே வாழ்ந்த அம்மூதாட்டியின் பங்கு, அவர் மறைந்தபின் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. மனையை வாங்கியவர் முகமே அறியாத ஓர் அத்தையோ சித்தப்பாவோ வழக்குத் தொடுப்பது இவ்வழியில்தான்.

பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்குண்டு எனத் தமிழ்நாடு 1989-இலேயே, அன்று மணமாகாத மகள்களுக்கு மட்டும், சட்டத் திருத்தம் செய்தது. 2005-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களையும் உள்ளடக்கியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே வாரிசுச் சான்றிதழில் உள்ள அனைவரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது விடுதலைப் பத்திரம் பதிந்திருக்க வேண்டும். வயது வராத பிள்ளையின் பங்கை இயற்கைக் காப்பாளரே ஆனாலும் நீதிமன்ற அனுமதியின்றி விற்க இயலாது.

அங்கீகாரமற்ற மனைகளும் 2016 தடையும்

பல ஆண்டுகளாகத் தமிழ்நாட்டில் விளைநிலங்களைக் கல் ஊன்றி மனைகளாகப் பிரித்து விற்பது தடையின்றி நடந்துவந்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரமற்ற மனைப்பிரிவுகளில் உள்ள மனைகளைப் பதிவதற்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, உரிய அனுமதி பெறாத மனையை, அது முன்னரே வீட்டுமனையாகப் பதிவாகியிருந்தால் ஒழிய, பதிவு செய்யக் கூடாது. 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள அவை வழி செய்தன. நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அச்சலுகை இல்லை.

தடைக் காலத்தில் பாதிக்கப்பட்டோரில் பலர் மகளின் திருமணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கலாம் என்று ஒற்றை மனை வாங்கி வைத்திருந்த சிறு சேமிப்பாளர்கள். மனை கையில் இருந்தும் விற்க முடியவில்லை, அடமானம் வைக்கவும் முடியவில்லை. மனைகளைப் பிரித்து விற்றவர்களோ அதற்குள் பணத்தைப் பெற்றுக்கொண்டு விலகிவிட்டிருந்தனர். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற சொல்லை இன்றும் விற்பனைத் துண்டறிக்கைகளில் காணலாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு (சென்னைப் பெருநகர்ப் பகுதியில் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கு) உரியது என்பதால் அச்சொல்லுக்கு மதிப்பு இல்லை. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் சாலை, பூங்கா என்று காட்டிய இடங்கள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையெனில் பூங்கா பின்னாளில் மனையாகிவிடும்.

மலையை ஒட்டிய ஊர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. தமிழ்நாடு அரசு 1990-இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை (ஹாக்கா) அமைத்தது. அக்குழுமத்தின் பட்டியலில் தேனி மாவட்டக் கிராமங்கள் சிலவும் உள்ளன. பட்டியலில் உள்ள கிராமத்தில் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கூடுதல் ஒப்புதல்கள் தேவைப்படும். பட்டியல் கிராமத்தின் பெயரால் அமைந்தது. இடம் சமவெளியாகத் தோன்றுவதால் விலக்கு கிடைத்துவிடாது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாத வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழியாகக் கட்டட அனுமதி பெறும் வசதி வந்துள்ளது. இது கட்டடத்துக்கான எளிமையே தவிர, அங்கீகாரமற்ற மனையை அங்கீகரிக்கும் வழி அன்று.

மலைக்கு மேலே

தேவாரம், போடிநாயக்கனூர், கம்பம் பகுதிகளைச் சேர்ந்த பலருக்கு எல்லைக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் உள்ளன. அங்கே வீடு வாங்குவோர் தமிழ்நாட்டு நடைமுறையை மனத்தில் கொண்டு போகக் கூடாது. ஏலமலைக் காட்டுப் பகுதியில் ஏலக்காய் பயிரிடுவதற்கென்றே அரசு குத்தகைக்கு விட்ட நிலங்கள் உள்ளன. குத்தகை உரிமையைக் கைமாற்றுவதும் நிலத்தைக் கிரயம் பெறுவதும் ஒன்றல்ல. அப்பகுதி காடா வருவாய் நிலமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துவர, 2024 அக்டோபரில் அங்குப் புதிய பட்டாக்கள் வழங்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பணம்

பேசிய விலை மொத்தச் செலவு அன்று. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வையும் பரிமாற்ற வரியும் சேர்த்து 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2017-இல் 4 விழுக்காடாக உயர்ந்து 2023 ஏப்ரலில் 2 விழுக்காடாகக் குறைந்தது. ஆக, 20 இலட்சம் ரூபாய் மனைக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய் கூடுதலாக வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 இலட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைக்கப்படுகிறது. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகத் தரும் பழைய வழக்கம் வாங்குபவருக்கே கேடு: வழக்கு வந்தால் பத்திரத்தில் உள்ள தொகையை மட்டுமே அவரால் எளிதில் மெய்ப்பிக்க இயலும். 2015 ஜூன் 1 முதல் அசையாச் சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்துள்ளது.

புதிய அடுக்குமாடிக் குடியிருப்பு எனில், மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் (2016) பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்குவதைத் தடுக்கிறது. கட்டமைப்புக் குறைகளுக்கு 5 ஆண்டுகள் வரை கட்டுநரைப் பொறுப்பாக்குகிறது.

வங்கி கடன் கொடுத்தால் பத்திரம் சரியாக இருக்கும் என்ற எண்ணமும் பரவலானது. வங்கியின் வழக்கறிஞர் வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்புத் தேடுகிறார். வழக்கு வந்து மனை போனாலும் தவணை நிற்பதில்லை. ஏலக்காயை நம்பிய குடும்பங்கள் இத்தவணையை நல்ல ஆண்டின் விலையை வைத்துக் கணக்கிடுவதில் ஆபத்து உண்டு. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், 2022-இல் சராசரியாக 1,000 ரூபாயைக்கூட எட்டவில்லை.

வரப்போகும் திட்டங்களுக்காகக் கூடுதல் விலை கொடுப்பதும் இத்தகையதே. மதுரை–போடி மீட்டர் பாதை அகலப்படுத்துவதற்காக 2010 இறுதியில் மூடப்பட்டது. போடிக்கு ரயில் திரும்பியது 2023 ஜூனில். தேவாரத்தை அடுத்த பொட்டிபுரத்தில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை 2015-இல் ஒப்புதல் அளித்தது. மக்கள் எதிர்ப்பும் வழக்குகளும் தொடர, அங்கு ஆய்வகம் எழவில்லை.