இந்தப் பிள்ளைக்கு ஆரோன் யார்?



ஓரேபு மலையில், எரியும் முட்புதரின் நடுவிலிருந்து ஆண்டவர் மோசேயை அழைக்கிறார். மோசே தயங்குகிறார். தனக்குச் சரளமாகப் பேச வராது, நாக்கு திக்கும் என்று காரணம் சொல்கிறார் (விப 4:10-16). ஆண்டவர் நினைத்திருந்தால் அந்தத் திக்கலை அந்த நொடியே நீக்கியிருக்கலாம். நீக்கவில்லை. பேச வராதவர் வேண்டாம் என்று அழைப்பைத் திரும்பப் பெறவும் இல்லை. அண்ணன் ஆரோனைத் துணைக்கு நிறுத்துகிறார். சொல்ல வேண்டிய செய்தி மோசேயிடம் இருந்தது; அதைச் சொல்லும் வாயாக ஆரோன் இருந்தார். இருவரும் சேர்ந்து பார்வோன் முன் போனார்கள். ஒரு மக்களினமே விடுதலை பெற்றது.

இந்த நிகழ்வை மனத்தில் வைத்துக்கொண்டு, நம் வீடுகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இருக்கின்ற சில பிள்ளைகளை இன்று நினைத்துப் பார்ப்போம். இவர்கள் கேட்ட கதையை ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வார்கள். பழுதான சைக்கிளைப் பிரித்து மாட்டுவார்கள். ஆனால் புத்தகத்தை விரித்தால் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் வியர்த்துப்போவார்கள். நேற்று படித்த சொல் இன்று புதிதாய்த் தெரியும். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஊர் இவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்கள் நமக்குத் தெரியும்: சோம்பேறி, மக்கு, படிப்பு ஏறாதவன்.

இது என்ன?

1896-ஆம் ஆண்டு, இங்கிலாந்தைச் சேர்ந்த பிரிங்கிள் மார்கன் என்ற மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பையன் புத்திசாலி, கணக்கில் நல்ல தேர்ச்சி, கண் பார்வையிலும் குறையில்லை. ஆனால் எழுத்துகளைக் கூட்டி வாசிக்க மட்டும் அவனால் முடியவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் முதல் மாணவனாக இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னாராம். இன்று நாம் 'டிஸ்லெக்ஸியா' என்று சொல்லும் வாசிப்புக் குறைபாட்டைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவுகளில் அது ஒன்று.

கற்றல் குறைபாடு என்பது அறிவுக்குறைவு அல்ல. இவர்களுடைய மூளை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் வேலையை வேறு விதமாகவும் மெதுவாகவும் செய்கிறது. வாசிப்பில் வரும் தடையை டிஸ்லெக்ஸியா என்றும், எழுதுவதில் வரும் தடையை டிஸ்கிராபியா என்றும், கணக்கில் வரும் தடையை டிஸ்கால்குலியா என்றும் அழைக்கிறார்கள். ஒரே பிள்ளைக்கு இவற்றில் இரண்டும் மூன்றும் சேர்ந்து வருவதுண்டு. இது குடும்ப வழியாகவும் வரும். பெற்றோரின் வளர்ப்பு இதற்குக் காரணம் அல்ல. எந்த டானிக்கும் இதைப் போக்காது. அடி இதை இன்னும் மோசமாக்கும்.

நம் தமிழையே எடுத்துக்கொள்வோம். 'கெ' என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. ஒலிக்கும்போதோ ககர ஒலி முதலில் வருகிறது, எகரம் பிறகு வருகிறது. 'கொ' என்றால் ஓர் எழுத்துக்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. ல, ள, ழ மூன்றும் காதுக்கு நெருக்கம். ந, ன, ண மூன்றும் அப்படியே. எல்லாப் பிள்ளைகளும் தொடக்கத்தில் இவற்றில் தடுமாறுவார்கள். ஓரிரு ஆண்டுகளில் தாண்டிவிடுவார்கள். வகுப்புத் தோழர்கள் எல்லாரும் தாண்டிய பிறகும், நல்ல பயிற்சி கொடுத்தும், ஒரு பிள்ளை மட்டும் அதே இடத்தில் நின்றால், அங்கே நாம் பிரம்பைத் தேடக் கூடாது. உதவியைத் தேட வேண்டும்.

முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அவற்றில் குறையில்லை என்றால், குழந்தை மனநல வல்லுநரிடமோ சிறப்புக் கல்வியாளரிடமோ அழைத்துச் செல்லலாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரை அணுகலாம். அரசு விதிமுறைப்படி இந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழ் 8 வயதுக்குப் பிறகே கிடைக்கும். ஆனால் உதவியைத் தொடங்கச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

தனியே அழைத்துச் சென்றார்

இவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி? மாற்கு நற்செய்தியில் ஒரு நிகழ்வு வருகிறது (மாற் 7:31-37). காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகிறார்கள். இயேசு முதலில் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துச் செல்கிறார். பிறகு அவருடைய காதுகளில் விரலை வைக்கிறார், நாவைத் தொடுகிறார், வானத்தை நிமிர்ந்து பார்க்கிறார். அதன்பிறகே பேசுகிறார். காதால் பெற முடியாதவருக்குத் தொடுதலாலும் பார்வையாலும் செய்தி போய்ச் சேருகிறது.

சிறப்புக் கல்வியாளர்கள் செய்வதும் ஏறத்தாழ இதுதான். ஓர் எழுத்தைக் கண்ணால் மட்டும் காட்டாமல், வாயால் ஒலிக்கச் செய்து, காதால் கேட்கச் செய்து, விரலால் தடவச் செய்கிறார்கள். இத்தாலியைச் சேர்ந்த மரிய மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்கச் செய்தார். அவர் கல்விப் பணியைத் தொடங்கியதே, மற்றவர்கள் 'கற்க இயலாதவர்கள்' என்று ஒதுக்கிய பிள்ளைகளோடுதான். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கே வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

நம் வீட்டில் இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. தாம்பாளத்தில் அரிசியையோ மணலையோ பரப்பி, பிள்ளை விரலால் எழுதட்டும். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஓர் எழுத்து, இரண்டு சொல் போதும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். பாடத்தை அம்மாவோ அக்காவோ வாசித்துக் காட்டட்டும். பிள்ளை அதைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்லட்டும். தம்பி தங்கையோடு ஒப்பிடுவதை அறவே விட்டுவிட வேண்டும். வரைவது, பாடுவது, பந்து விளையாடுவது என்று பிள்ளைக்கு எது நன்றாக வருமோ, அதற்கு நாள்தோறும் நேரம் கொடுக்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் விளையாட்டை நிறுத்துவது, அவனுக்கு இருக்கும் ஒரே படியையும் உருவிவிடுவதற்குச் சமம்.

தேர்வு என்னும் மதில்

பங்குத்தந்தையர்களின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி, குருத்துவப் படிப்பில் பட்ட பாடு நமக்குத் தெரிந்ததுதான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வளர்ந்ததால், பள்ளிக்குப் போனதே தாமதம். இலத்தீனில் நடந்த பாடங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. குருமடத்திலிருந்து வெளியேற நேர்ந்தது. அவருக்குக் கற்றல் குறைபாடு இருந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அவருக்குக் கிடைத்த துணையைத்தான் சொல்ல வருகிறோம். பாலே என்ற பங்குத்தந்தை அவரைத் தம் இல்லத்தில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அவருக்காகப் பரிந்து பேசினார். மீண்டும் தேர்வு வைத்தபோது, இலத்தீனுக்குப் பதிலாகத் தாய்மொழியில் கேள்வி கேட்டார்கள். வியான்னி நன்றாகப் பதில் சொன்னார். 1815-இல் குருவானார். கேட்கும் மொழி மாறியதும், உள்ளே இருந்த அறிவு வெளியே வந்தது. அன்று அவரைத் தள்ளியே வைத்திருந்தால், ஆர்ஸ் ஊரில் ஒப்புரவு அருளடையாளத்துக்காக வரிசையில் நின்ற அத்தனை மக்களுக்கும் இழப்பு.

இன்று நம் நாட்டில் அந்த வாய்ப்பைச் சட்டமே தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 1995-இல் வந்த பழைய சட்டத்தில் இது இடம்பெறவில்லை. சான்றிதழ் உள்ள பிள்ளைகள் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். தாங்கள் சொல்வதை எழுத ஒருவரைக் கேட்கலாம். மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கும் சில கல்வி வாரியங்களில் உண்டு. பத்தாம் வகுப்பில் ஓடித் திரியாமல், எட்டு, ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் கேட்டுத் தொடங்க வேண்டும். "ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்" என்று பல பெற்றோர் இந்தச் சான்றிதழை வாங்கத் தயங்குகிறார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதும் பிள்ளையை நாம் ஏமாற்றுக்காரன் என்று சொல்வதில்லை. இதுவும் ஒரு கண்ணாடிதான்.

நம் பங்கில்

இனி, நம் மறைக்கல்வி வகுப்புக்கு வருவோம். ஞாயிறு வகுப்பில் ஒவ்வொருவராய் எழுந்து நின்று விவிலியத்தை உரக்க வாசிக்கும் முறை பல இடங்களில் உண்டு. வாசிக்க வராத பிள்ளைக்கு அந்த முறை வருவதற்குள் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. நண்பர்கள் சிரிக்கிறார்கள். அடுத்த ஞாயிறு வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொள்கிறான். சில ஆண்டுகளில் கோவிலுக்கு வருவதும் நின்றுபோகலாம். கடவுளே தன்னைத் தேர்வில் தோற்றவனாகப் பார்க்கிறார் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால், அந்தக் காயத்தை ஆற்றுவது எளிதல்ல.

புதுநன்மை பெற ஒரு பிள்ளை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் சொல்லவில்லை. தன் ஆற்றலுக்கு ஏற்றபடி கிறிஸ்துவின் மறைபொருளைப் புரிந்துகொண்டு, முறையாக ஆயத்தம் செய்திருக்க வேண்டும் என்றே கேட்கிறது (எண் 913). நம் பாட்டிமார்களில் எத்தனையோ பேர் எழுத்தே அறியாமல், செபமாலை மணிகளை விரலால் உருட்டியே மறையுண்மைகளைக் கற்றார்கள். தண்ணீர், எண்ணெய், மெழுகுதிரி, சாம்பல், குருத்தோலை எனத் தொட்டும் பார்த்தும் கற்கும் வழி நம்மிடம் முன்பே இருக்கிறது.

எனவே மறைக்கல்வி ஆசிரியர்களிடம் சில வேண்டுகோள்கள்: விரும்புகிறவர் மட்டும் உரக்க வாசிக்கட்டும். செபங்களைப் பாட்டாகவும் சைகையாகவும் சொல்லிக்கொடுங்கள். எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக, தனியே உட்கார வைத்து வாயால் கேளுங்கள். விவிலிய வினாடி வினாவில் தோற்கும் பிள்ளைக்குத் திருவிழா நாடகத்தில் ஒரு வேடம் கொடுங்கள்; பீடச் சிறாராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசுங்கள். நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வாரம் இரண்டு மாலை, ஒரு பிள்ளைக்குப் பாடம் வாசித்துக் காட்ட அவர்கள் முன்வரலாம். கல்லூரியில் படிக்கும் இளையோர், தேர்வு நாளில் எழுத்தராக உதவ முடியுமா என்று பள்ளியில் விசாரிக்கலாம்.

அன்பார்ந்தவர்களே, மோசேயின் நாக்கு கடைசிவரை திக்கிக்கொண்டே இருந்திருக்கலாம். அதனால் மீட்பின் வரலாறு நின்றுபோகவில்லை. பக்கத்தில் ஒருவர் நின்றார். 'இவன் ஏன் படிக்கவில்லை?' என்ற கேள்வியை இந்த வாரம் சற்று ஓரம் வைப்போம். 'இந்தப் பிள்ளைக்கு ஆரோன் யார்?' என்று நம் வீட்டிலும் தெருவிலும் கேட்டுப் பார்ப்போம். அதற்குப் பதிலாக நம்மில் ஒருவர் எழுந்து நிற்க, இறைவன் நமக்கு மனம் தருவாராக. ஆமென்.