காட்சிப் புதினத்திற் படிப்போன் பங்கு: ‘ஸ்டைன்ஸ் கேட்’

சப்பானிய மொழியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக வளர்ந்துவரும் கதைவகையொன்று உண்டு. அதனைக் காட்சிப் புதினம் என்பர். கணிப்பொறித் திரையின் கீழ்ப்பகுதியில் உரைநடை சிலசில வரிகளாகத் தோன்றும். பின்னே இடத்தின் ஓவியமும், அதன்முன் பேசுவோர் உருவமும் நிற்கும். குரலும் இசையும் உடன்வரும். படிப்போன் பொத்தானை அழுத்த அடுத்த வரி எழும். ஓரோவிடத்துக் கதை நின்று, இதனைச் செய்வதோ அதனைச் செய்வதோ என அவனை வினவும். அவன் விடைக்கேற்பக் கிளைக்கும். நாடகத்தின் உறுப்புக்கள் பல விரவியிருப்பினும் இது நாடகமன்று. கதையை நடத்தும் பொறுப்பு உரைநடையின் மேலதே. ஆதலின் இதனைப் புதினமெனக் கொண்டு ஆராய்தல் தகும்.

1992-இல் சுன்சாப்ட் என்னும் நிறுவனம் ‘ஒதோகிரிசோ’ என்னும் அச்சக் கதையை வீட்டு விளையாட்டுப் பொறிக்கென வெளியிட்டு, அதனை ஒலிப் புதினம் என அழைத்தது. 1996-இல் லீஃப் நிறுவனத்தின் ‘ஷிசுகு’ வந்தபோதே காட்சிப் புதினம் என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. ஷிசுகு முதிர்ந்தோர்க்கு மட்டுமே விற்கப்பட்ட நூல். அதன்வழி வந்த பலவும் அத்தகையனவே. ஈண்டு ‘முதிர்ந்தோர்க்கு’ என்பது பாலியற் காட்சி உண்டு என்பதற்கு வணிகர் இட்ட முத்திரையேயன்றிப் படிப்போனின் மனமுதிர்ச்சியைச் சுட்டியதன்று. யான் எடுத்துக்கொண்ட ‘ஸ்டைன்ஸ் கேட்’ என்னும் அறிவியற் புனைவு, ஃபைவ் பி.பி., நைட்ரோபிளஸ் என்னும் இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 2009 அக்டோபரில் எக்ஸ்பாக்ஸ் 360 பொறிக்கு வெளிவந்தது. 2010-இல் கணிப்பொறிக்கும் 2014-இல் ஆங்கிலத்திற்கும் வந்தது. திட்டம் வகுத்தவர் ஷிகுரா சியோமாரு, எழுதியவருள் முதல்வர் ஹயாஷி நவோதகா, ஓவியர் ஹூகே. நைட்ரோபிளஸ் முத்திரையிட்ட நூல்களாற் பெயர்பெற்ற நிறுவனம். ஆயினும் இந்நூலிற் பாலியற் காட்சி இல்லை. எனினும் இது முதிர்ந்தோர்க்குரிய நூலே என்பது என் துணிபு. அத்துணிபிற்குக் காரணம் பின்னர்த் தெளிவாகும். யான் பயின்றது ஆங்கிலப் பெயர்ப்பு. ஆகலின் மூலத்தின் சொன்னயம் குறித்து ஒன்றும் கூறேன்.

காட்சிப் புதினத்தை ஆராய்வார் முதற்கண் எதிர்கொள்ளும் வினா ஒன்று. கதையைத் தெரியும் உரிமையைப் படிப்போனுக்கு ஈவதால் இலக்கியத்திற்கு விளையும் ஆக்கம் யாது? ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் பாடவேறுபாடு கண்டவிடத்து ஒன்றைக் கொண்டு ஏனையவற்றை அடிக்குறிப்பில் இடுவர். காட்சிப் புதினத்திலோ வேறுபாடுகள் எல்லாம் ஆசிரியனே எழுதியவை, எல்லாம் மூலமே. அங்ஙனமாயின் நூல் எது? இவ்வகை நூல்கள் பலவற்றில் இவ்வினாவிற்கு விடையில்லை. தலைவியர் ஐவர் இருப்பின் கிளைகள் ஐந்து இருக்கும். படிப்போன் கடையிற் பொருள் கொள்வான்போல ஒன்றைக் கொள்வான். ஸ்டைன்ஸ் கேட் இவ்வினாவையே கதைப்பொருளாக்கிக் கொண்டது.

கதை நிகழ்வது தோக்கியோ நகரின் ஆக்கிஹாபாரா பகுதியில், 2010 சூலை இறுதியிலும் ஆகத்திலும். ஒகாபே ரின்தாரோ பதினெட்டு வயதுக் கல்லூரி மாணவன். தன்னைக் கொடிய அறிவியலாளன் என்று சொல்லிக்கொண்டு திரியும் நடிப்பினன். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகள் விற்கும் கடையின் மாடியில் நண்பருடன் ஒரு ‘ஆய்வுக்கூடம்’ நடத்துகின்றான். சூலை 28-ஆம் நாள் ராடியோ கைகான் என்னும் கட்டடத்தில் மகிசே குரிசு என்னும் இளம் மூளையியல் அறிஞர் குருதி வெள்ளத்திற் கிடக்கக் காண்கின்றான். அதனை நண்பனுக்குக் கைப்பேசியில் மின்னஞ்சலாக அனுப்புகின்றான். அனுப்பிய அளவிலே தெருவில் நின்ற மக்கள் மறைகின்றனர். சின்னேரத்திற் குரிசு உயிரோடு அவன்முன் வந்து நிற்கின்றாள். அவர்கள் விளையாட்டாகச் சமைத்த மைக்ரோவேவ் அடுப்புக் கருவி அவ்வஞ்சலைச் சில நாள் முன்னதாகக் கொண்டு சேர்த்துவிட்டது என்பது பின்னர்ப் புலனாகின்றது. இறந்த காலத்திற்கு அனுப்பக்கூடிய அஞ்சலின் அளவு 36 பைட்டு மட்டுமே. இவ்வளவினை வகுத்தது ஆசிரியரின் திறன். ஒரு குறளினும் சுருங்கிய சொல்லில் ஒருவன் தன் வாழ்வை மாற்றவேண்டும்.

நண்பர் ஒவ்வொருவரும் தத்தம் ஏக்கத்தை அஞ்சலாக்குகின்றனர். பெய்ரிஸ் என்பாள் பத்தாண்டுகட்கு முன் இறந்த தந்தையை மீட்கின்றாள். ருகா என்னும் இளைஞன் தான் பெண்ணாய்ப் பிறந்திருக்கவேண்டும் என்று தாய்க்குச் செய்தி விடுக்கின்றான். எல்லாம் கைகூடுகின்றன. அதன்பின் ஒகாபேயின் இளமைத் தோழி மயூரி கொல்லப்படுகின்றாள். நினைவை மட்டும் பின்னோக்கி அனுப்பும் மற்றொரு கருவியால் அவன் மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று காக்க முயல்கின்றான். துப்பாக்கியால், காரால், தொடர்வண்டியால் அவள் மீண்டும் மீண்டும் இறக்கின்றாள். அவளைக் காக்க ஒரே வழி, அனுப்பிய அஞ்சல்களை ஒவ்வொன்றாக நீக்குதல். பெய்ரிஸ் தன் தந்தையைத் தானே மீளச் சாகவிடவேண்டும். ருகா தன் பெண்மையைத் துறக்கவேண்டும்.

படிப்போன் பங்கு இங்கேதான் சிறக்கின்றது. இந்நூலில் வழக்கமான வினாப்பட்டியல் இல்லை. ஒகாபேயின் கைப்பேசி ஒன்றே படிப்போன் கையில் உள்ளது. அழைப்பு வரின் எடுக்கலாம், எடாது விடலாம். அஞ்சலில் நீலநிறமிட்ட சொற்களுள் ஒன்றைப் பற்றி மறுமொழி விடுக்கலாம். பிறரின் ஏக்கத்தை அழிக்கும் அஞ்சலை அனுப்பவேண்டிய இடத்திலும் திரை எதனையும் வினவாது. கைப்பேசியை எடுத்து அனுப்புபவன் படிப்போனே. அனுப்பாது விட்டால் அவ்வொருவரோடு கதை முடிந்துவிடும். கடையிற் பொருள் கொள்ளும் நிலை ஈண்டு இல்லை. தெரிதல் என்பது விட்டுக்கொடுத்தல் ஆகின்றது. அதுவும் பிறர் பொருளை விட்டுக்கொடுத்தல்.

இம்முடிவுகளுள் என்னை மிகவும் வருத்தியது சுசுஹா கிளை. எதிர்காலத்திலிருந்து வந்த அப்பெண் 1975-க்குச் சென்று ஒரு கணிப்பொறியைக் கொணரவேண்டியவள். பிரிவுக்கு அஞ்சி ஒகாபே முன்னர் அனுப்பிய அஞ்சலால் அவள் பயணம் ஓரிரவு தாழ்க்கின்றது. அவ்விரவின் புயலிற் காலப்பொறி பழுதுறுகின்றது. சென்றவள் நினைவிழந்து, கடமை மறந்து, இறுதியில் அதனை உணர்ந்து 2000-இல் தற்கொலை செய்துகொள்கின்றாள். அவள் விட்டுச்சென்ற கடிதத்தில் தன் தோல்வியைச் சொல்லும் ஒரே தொடர் பன்முறை வருகின்றது. அவ்வஞ்சலை நீக்காத படிப்போனுக்கு வாய்ப்பது வேறொரு முடிவு. ஒகாபே யாரையும் இழக்க ஒருப்படாது அதே இரண்டு நாளையே திரும்பத் திரும்ப வாழ்கின்றான். நண்பர் அதே சொல்லைப் பேசுகின்றனர். அவன் உள்ளம் மெல்லமெல்ல மரத்துப்போகின்றது. மயூரியின் சாவும் அவனுக்கு ஒரு வழக்கமாகின்றது. தீமை எதனையும் தெரியாமல் தப்பிப்போம் என்னும் ஆசை மனிதனை எங்குக் கொண்டு நிறுத்தும் என்பதனை இவ்வளவு அமைதியாகக் காட்டிய பகுதியை யான் இவ்வகை நூல்களிற் கண்டிலேன். முத்திரை எதுவாயினும், இதனை உணர முதிர்ச்சி வேண்டும்.

அஞ்சல்களெல்லாம் நீக்கப்பட்டபின் எஞ்சுவது முதல் அஞ்சல். அதனை அழித்தால் மயூரி பிழைப்பாள். குரிசு குருதியிற் கிடந்த அந்நாளே மெய்யாகிவிடும். அதன்பின் வரும் இறுதிப்பகுதியில் கதையை வேறுவழிப்படுத்தும் தெரிவு எதுவும் படிப்போனுக்கு இல்லை. ஒகாபே முன்சென்று குரிசுவைக் காக்க முனைந்து, கைப்பிழையால் தானே அவளைக் குத்திவிடுகின்றான். அப்போது பதினைந்து ஆண்டுகட்குப் பின்னுள்ள அவனே அவனுக்கு வழி சொல்கின்றான்: முதல் நாளிற் கண்ட காட்சி மாறுதல் கூடாது, அக்காட்சியின் பொருள் மட்டும் மாறவேண்டும். குருதி கிடக்கவேண்டும், அவள் அசையாது கிடக்கவேண்டும், ஆனால் குருதி அவளுடையதாக இருத்தல் வேண்டா. அது ஒகாபே தன் உடலினின்று சொரிந்த குருதியாகின்றது.

பதிப்பாசிரியனும் உரையாசிரியனும் வேறுபடும் இடம் இதுவே என யான் கருதுகின்றேன். நூல் முழுதும் ஒகாபே பாடத்தைத் திருத்திக்கொண்டே வந்தான். ஒவ்வொரு திருத்தமும் மற்றோரிடத்தைச் சிதைத்தது. இறுதியிற் பாடத்தைத் தொடாமல் உரையை மாற்றினான். படிப்போனும் அவ்வாறே, முப்பது மணி நேரத்திற்கு முன்னர்ப் படித்த தொடக்கக் காட்சியை, ஓர் எழுத்தும் மாறாதிருக்கவே, வேறாகப் படிக்கின்றான். ஆகவே இந்நூல் படிப்போனுக்கு ஈந்த மெய்யான உரிமை கதையைத் தெரிதலன்று, மீளப் படித்தலே.

குறைகளும் உள. இவ்விறுதிப் பகுதியை அடைய, இடையில் குரிசுவின் அஞ்சல்கட்குக் குறிப்பிட்ட மறுமொழிகளை விடுத்திருக்கவேண்டும். அவற்றின் இன்றியமையாமை எங்கும் குறிப்பிக்கப்படவில்லை. வேடிக்கைப் பேச்சுக்குத் தந்த மறுமொழி ஒரு பெண்ணின் உயிரை முடிவு செய்வதென்றால், அது தெரிவன்று, பூட்டு. முற்பாதி மிக மெல்ல நகர்கின்றது. ஆக்கிஹாபாராவின் வழக்குச் சொற்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றிற்கு அரும்பதவுரை நூலினுள்ளேயே அமைந்திருத்தல் பாராட்டத்தக்கது. ருகாவைக் குறித்து ஒகாபே பன்முறை கூறும் நகைமொழி, அவ்விளைஞனின் துயரை அறிந்தபின் கசக்கின்றது. ஆசிரியர் அக்கசப்பை உணர்ந்தவராகத் தோன்றவில்லை. 3.24 டெராபைட்டு நினைவை 36 பைட்டாக அமுக்குவது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆயினும் அப்புனைவின் அடியில் உண்மைச் செய்திகள் கிடக்கின்றன. 2000, 2001 ஆண்டுகளில் ஜான் டைட்டர் என்னும் பெயரால் ஒருவர், தாம் 2036-இலிருந்து வந்ததாகவும் 1975-இல் வெளியான ஐ.பி.எம். 5100 கணிப்பொறியைத் தேடுவதாகவும் அமெரிக்க இணையத்தில் எழுதினார். 2008-இல் செர்ன் ஆய்வகத்தின் பெருந்துகள் மோதி இயங்கத் தொடங்கியபோது சிறு கருந்துளைகள் பற்றிய அச்சம் பரவியது. நூல் பெயர்களைச் சிறிதே மாற்றி இரண்டினையும் இணைத்தது.

இவ்வகை நூல்கட்கு எல்லாக் கிளைகளையும் திறக்கும் வழிகாட்டிக் குறிப்புக்கள் உள. முதுகலை மாணாக்கர் இதனை ஆய்வுக்கு எடுப்பின், முதன்முறை அவற்றைப் பாராமலே படிப்பாராக. குறிப்பின்வழிச் செல்வோர் பெய்ரிஸின் தந்தையைச் சாகவிடும் அஞ்சலைக் கை தயங்காமல் அனுப்பிவிடுவர். என் முதற்படிப்பில் யான் அதனை அனுப்பவில்லை. நூல் எனக்கு அங்கேயே முடிந்தது; மீளத் தொடங்கச் சில நாள் ஆயிற்று.